தனலெட்சுமி அக்காவின் தமிழ் அறை

செய்தி வந்தபோது நான் எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் பாசாரில், ஒரு காய்கறிக் கடையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "தமிழை நேசித்த சீன ஆசிரியை இன்று காலை காலமானார். ஆழ்ந்த இரங்கல்."

தனலெட்சுமி அக்கா மருத்துவமனையில் இருந்தது எல்லாருக்கும் தெரியும். இதயம் களைத்துவிட்டது என்று மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே செய்தி எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. கீரைக் கட்டை அப்படியே வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே பதில் எழுதினேன்: "காலமானவர் தனலெட்சுமி அக்கா. அவர் தமிழர். தயவுசெய்து மாற்றி எழுதுங்கள்."

அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன் டீச்சர் என்றார். எனக்குத் தெரியும். அக்கா வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டது கெட்ட எண்ணங்களோடு அல்ல, இப்படிப்பட்ட நல்ல எண்ணங்களோடுதான். அவரை அறிந்தவர்களே, இந்த அஞ்சலியில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரே எழுதியிருந்தால் இன்னும் காரமாக எழுதியிருப்பார்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா பிறந்தது ஹொக்கியன் பேசும் ஒரு சீனக் குடும்பத்தில். பிறந்த சில நாட்களிலேயே ஆயர் ஈத்தாமில் பிள்ளையில்லாமல் இருந்த ஒரு தமிழ்த் தம்பதிக்குக் கொடுக்கப்பட்டார். அந்தக் காலத்தில் இந்த மலாய் நாட்டில் அப்படிப் பல பெண் குழந்தைகள் கை மாறியிருக்கின்றன. அப்பா பஸ் ஓட்டியவர், அம்மா வீட்டில் தையல் வேலை பார்த்தவர். அவர்கள்தான் தனலெட்சுமி என்று பேர் வைத்தார்கள். பிறகு அவர்களுக்கு ஒரு மகனும் பிறந்தான். அக்கா படித்தது தமிழ்ப்பள்ளியில். பெற்றவர்களைத் தேடிப் பார்க்கவில்லையா என்று யாராவது கேட்டால், "தேடி என்னா செய்ய? எனக்கு அம்மா இருந்தாங்க லா," என்பார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு. அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் அவரை முதலில் பார்த்தது பாயான் லெப்பாஸில் ஒரு குழந்தைப் பராமரிப்பு மையத்தில். தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். வேலை கேட்டுப் போயிருந்தேன். வாசலருகே வெளுத்த நிறத்தில் ஒரு சீன அம்மா, குழந்தை ஒன்றுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மலாயில் அலுவலகம் எங்கே என்று கேட்டேன்.

"மேல மாடி. செருப்பக் கழட்டிட்டுப் போங்க, பிள்ளைங்க தவழ்ற எடம்," என்றார் தமிழில்.

நான் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன்.

"பாத்து முடிச்சிட்டீங்களா? முடிச்சிட்டா இந்தப் பிள்ளையக் கொஞ்சம் புடிங்க," என்றார். என் வேலை அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது. மாடிக்கு மத்தியானம்தான் போனேன்.

அவருடைய அறையைத் தமிழ் அறை என்று சொல்வார்கள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்தான், ஆனால் வீட்டில் ஆங்கிலம். தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பார் அக்கா. இரண்டாவதாக வந்ததாலேயே ஒரு மொழி அந்நியமாகிவிடாது என்பார். படம் போட்ட அட்டைகளை அவர் தொட்டதே இல்லை. கால் கழுவும்போது காலைப் பற்றிப் பேசுவார். கஞ்சி ஊட்டும்போது கஞ்சி சுடுவதைப் பற்றிப் பேசுவார். காலுறை ஒன்று காணாமல் போனால் அறை முழுக்கத் தவழ்ந்து, அதை உரக்கத் தமிழில் விசாரித்துக்கொண்டே தேடுவார். பிள்ளைகளும் பின்னால் தவழும். "ரெண்டு வயசுப் பிள்ளைக்கு மொழி பாடமில்ல லா. சோறு. ஊட்டிக்கிட்டே இருக்கணும்."

எல்லாரும் அம்மா, அப்பாவிலிருந்து தொடங்குவார்கள். அக்கா தொடங்கிய சொல் 'வேணாம்'. பிள்ளை முகத்தைத் திருப்பினால், "வேணாமா? சரி, வேணாம்," என்று சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். கொஞ்ச நாளில் அறை முழுக்க வேணாம் என்று ஒலிக்கும். பால் வேணாம், தூக்கம் வேணாம், அம்மா கூட்டிப்போக வந்தால் அம்மாவும் வேணாம். மையத்தின் நிர்வாகி தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா சிரித்தார். "இல்லன்னு சொல்ல முடியாத மொழியில எந்தப் பிள்ளையும் வாயத் தொறக்காது மேடம். மொதல்ல அதுக்கு அதிகாரத்தக் குடுங்க. அப்பறம் பாருங்க."

அவருடைய பிடிவாதம் எல்லாப் பக்கமும் வெட்டும். ஒரு தாய், தமிழ் மேல் உயிராக இருந்தவர், ஒருநாள் வந்து சொன்னார்: "டீச்சர், அவன் வாட்டர்னு கேட்டா குடுக்காதீங்க. தண்ணின்னு சொன்னாத்தான் குடுக்கணும்."

அக்கா அவரை உட்காரச் சொன்னார். "உங்க மகனுக்குத் தாகம் எடுக்குது. அப்ப நான் பரீட்சை வைக்கணுமா?"

"அப்படி இல்ல அக்கா, அவன் தமிழ் கத்துக்கணும்னுதான்…"

"கத்துக்குவான். நான் தண்ணி குடுக்கும்போதே 'இந்தா தண்ணி, குடி, குளுகுளுன்னு இருக்கா'ன்னு கேப்பேன். தமிழ்னா கேட்டது கெடைக்கும்னு அவனுக்குத் தெரியட்டும். தமிழ்னா தாகம்னு தெரியவேணாம்."

தமிழ் சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு குழந்தைகளை மிரட்டுகிறவர்கள் இந்தப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பிரச்சினை ஒரு பெற்றோர் கூட்டத்தில் தொடங்கியது. பொறியாளரான ஒரு தந்தை எழுந்தார். தன் மகன் இன்னும் சரியாகப் பேசவில்லை, இரண்டு மொழி அவனைக் குழப்புகிறது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுவும் தமிழ சீனவங்க சொல்லிக் குடுத்தா உச்சரிப்பு எப்படி வரும்?" என்றும் கேட்டார். அதை அவர் கேட்டது ஆங்கிலத்தில்.

அக்கா எழுந்து தமிழிலேயே பதில் சொன்னார். "சார், உங்க மகன் நல்லாக் கேக்குறான், நல்லாச் சிரிக்கிறான், சொன்னது வெளங்குது. ஆனாலும் ஒங்களுக்குக் கவலையா இருந்தா டாக்டர்கிட்டக் காட்டுங்க, நானும் வர்றேன். ஆனா ஒரு மொழியத் தூக்கிட்டா இன்னொரு மொழி தானா வந்துரும்னு நெனைக்காதீங்க. வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்க. ஒங்களுக்குக் கொஞ்ச வர்ற மொழியில கொஞ்சுங்க. தமிழ நான் பாத்துக்குறேன். என் உச்சரிப்புக்கு என் அம்மா பொறுப்பு. அவங்க இப்ப இல்ல, இருந்தா ஒங்களக் கேட்டிருப்பாங்க."

ழகரம் ஒவ்வொன்றும் தெறித்து விழுந்தது. சில பேர் கை தட்டினார்கள். அவர் மகனை மறுநாள் முதல் அனுப்பவில்லை. பிறகு அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நிர்வாகி அக்காவை மேலே கூப்பிட்டார். நானும் கூட இருந்தேன். தமிழ் அறையை மூடிவிட்டு, சீன மொழிக்கென்று ஒரு மாண்டரின் அறை திறக்கப்போவதாகச் சொன்னார். பெற்றோர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார். அதுவரை சரி. பிறகு சொன்னார்: "அக்கா, நீங்களே அங்க இருங்க. பாட்டுக்கு டேப்லெட் இருக்கு. ஒங்க மொகத்தப் பாத்தா பேரண்ட்ஸ் நம்புவாங்க."

அக்காவுக்கு மாண்டரின் ஒரு வரிகூடத் தெரியாது. பாசாரில் மீன் வாங்கும் அளவுக்கு ஹொக்கியன் தெரியும், அவ்வளவுதான்.

"மேடம்," என்றார் அக்கா, "நீங்க வேலைக்கு எடுத்தது என்னையா, என் மூஞ்சியையா?"

"கோவப்படாதீங்க அக்கா. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மூஞ்சின்னா கழட்டி வச்சிட்டுப் போக முடியாது. அதனால ரெண்டு பேருமே கெளம்புறோம்."

மாடிப்படி இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "நீ ஏன் வர்றே? ஒனக்கு வேல இருக்குல்ல?" என்றார். நான் என் பையை எடுத்துக்கொண்டேன்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் காலை வேளைகளில் சும்மா கிடந்தது. அங்கே தமிழ் அறையைத் தொடர்ந்து நடத்த, குடியிருப்பாளர் சங்கத்திடம் அக்கா நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். அது பராமரிப்பு மையம் இல்லை என்பதால் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. வீட்டிலிருந்து ஒருவர் கூட இருக்க வேண்டும். பலருக்கு அது முடியாத காரியம். ஆகவே கூட்டம் குறைவாகத்தான் வந்தது. மின்விசிறி ஒன்று சுற்றவே சுற்றாது. மழை பெய்தால் சாரல் உள்ளே அடிக்கும். ஒரு நாள்கூட அக்கா பழைய இடத்தை நினைத்து வருந்தி நான் கேட்டதில்லை.

அந்த மாடியின் கீழே குவே என்னும் பலகாரம் விற்கும் ஒரு சீனத் தாய் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார். அவர் முதலில் ஹொக்கியனில் கேட்டது, நீங்களும் நம் ஆள்தானே, ஏன் இந்த மொழி என்று. அக்கா தட்டுத் தடுமாறி ஹொக்கியனிலும் மலாயிலும் பதில் சொன்னார்: உன் மொழியை உன் மகளுக்கு நீ கொடு, அதை யாரும் பிடுங்கக் கூடாது, என் மொழியை நான் கொடுக்கிறேன், வேண்டுமானால் வாங்கிக்கொள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் வந்தார். சில மாதங்களில் அவர் மகள் அம்மாவிடம் ஹொக்கியன், எங்களிடம் தமிழ் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஆள் பார்த்து மாற்றிப் பேசினாள். குழப்பம், குழப்பம் என்று சொன்னவர்கள் அந்த மண்டபத்துக்கு வந்திருக்க வேண்டும்.

இறுதிச் சடங்கன்று ஏற்பாட்டாளர் உடலைப் பார்த்துவிட்டு, அக்காவின் தம்பியிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, சீன முறையா, நம்ம முறையா?"

தம்பி கறுத்த, பருமனான மனிதர். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "எங்க அக்கா லா," என்றார். "எங்க அம்மாவுக்கு என்ன செஞ்சமோ அதேதான்." தேவாரம் பாடினார்கள். குவே விற்கும் பெண் தன் மகளோடு வந்து, தன் வழக்கப்படி ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை மண்டபத்தைத் திறந்தேன். மூடலாமே என்று சொன்னார்கள், திறந்தேன். பிள்ளைகள் அக்காவைத் தேடினார்கள். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொல்லி ஒரு தாய் என் காதில் கிசுகிசுத்தார். பிள்ளைகளிடம் நான் பொய் சொல்லவில்லை.

"அக்கா செத்துப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க," என்றேன்.

குவே விற்பவரின் மகள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீ வருவியா?" என்று தமிழில் கேட்டாள்.

"நான் வருவேன்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. காலை நீட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருந்து பேசும் பழக்கம். குழந்தை ஒரு சொல்லைத் தேடித் திணறும்போது எடுத்துக் கொடுக்க அவசரப்படாமல் அதன் முகத்துக்கு எதிரே காத்திருக்க அவர் என்னைப் பழக்கிவிட்டார். என் முழங்கால் இப்போது வலிக்கிறது. பரவாயில்லை. தமிழால் என்ன பயன், சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தச் சுமை, யார் சொல்லிக்கொடுத்தால் அது சுத்தத் தமிழ் என்றெல்லாம் கேட்க விரும்புகிறவர்கள் மண்டபத்துக்கு வரலாம். காலையில் கதவு திறந்துதான் இருக்கும். எங்களோடு தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.