மலையில் இழுத்த கரைவலை

காற்றுக்கு வாயைக் காட்டிய கன்

வேலைக்குச் சேர்ந்த முதல் காலை. இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. மேஸ்திரி நேகி ஒரு பனி கன்னைக் காட்டி, "இத்த காத்து பாத்து திருப்பி வைங்க. தண்ணி தொறந்துட்டு மேல போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேசியது இந்தி. எனக்கு அது என் பேச்சாகத்தான் ஞாபகத்தில் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

கன் என்றால் துப்பாக்கி போல இருக்காது. பெரிய டிரம் ஒன்றைப் படுக்க வைத்ததுபோல இருக்கும். உள்ளே ஃபேன், வாயைச் சுற்றி வரிசையாகத் தண்ணீர் பீச்சும் நாசில். தண்ணீரைத் தூளாக உடைத்துக் குளிர்ந்த காற்றில் வீசும். தரையைத் தொடுவதற்குள் தூள் உறைந்தால் பனி, உறையாவிட்டால் மழை. பனிச்சறுக்கு நடக்கும் மலைகளில் வானம் ஏமாற்றும் வருடங்களில் இதை வைத்துத்தான் சீசனைத் தொடங்குகிறார்கள்.

காற்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டுகிறவன் ஓட்டத்துக்கு வலையின் வாயைக் காட்டுவான். ஓட்டமே மீனைக் கொண்டுவந்து உள்ளே போடும். என் கை கேட்காமலே அதைச் செய்தது. கன்னின் வாயைக் காற்றுக்கு நேரே திருப்பி வைத்தேன்.

வெண்புகை எழுந்தது. சற்று நின்றது. பிறகு மனசு மாறியதுபோலத் திரும்பி எங்கள் தலைக்கு மேலே மிதந்து, பம்ப் ஷெட் கூரையைத் தாண்டி, பின்னாலிருந்த பள்ளத்தில் இறங்கியது. சத்தமே இல்லாமல் அங்கே ஒரு குவியல் வளர்ந்தது. நானும் என் மனைவியின் தம்பி சேகரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். குவியல் பெரிதாகப் பெரிதாக எங்களுக்கு சந்தோஷம்.

"மாமா, மொத நாளே நல்ல பாடுதான் போல" என்றான் சேகர். வலையில் விழும் மீனுக்கு எங்கள் பேச்சில் பாடு என்று பெயர்.

வெளிச்சம் வந்த பிறகு நேகி இறங்கி வந்தார். கன் முழுக்க ஐஸ் கட்டியிருந்தது. எங்கள் புருவம், தொப்பி எல்லாம் வெள்ளை. சரிவில் ஒரு பிடி பனி இல்லை.

"சரிவு அந்தாண்ட கீது. பனிய ஏன்பா இந்தாண்ட கொட்னீங்க?"

"காத்து தள்ளிச்சு சார்."

"காத்து தள்ளும். அதனாலதான் காத்துக்கு முதுக காட்டி வைக்கறோம்."

அவர் திட்டவில்லை. ஐஸைத் தட்டி உடைக்க மரச் சுத்தியலை என் கையில் கொடுத்தார். கன் அடிக்கும் குவியலுக்கு அந்தத் தொழிலில் திமிங்கிலம் என்று பெயர். தண்ணீர் வடியும்வரை அதைப் படுக்கவிட்டு, பிறகுதான் பரப்புவார்கள். பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் யாருக்கும் உதவாமல் படுத்திருந்ததற்கு அன்று மாலைக்குள் 'மதராசித் திமிங்கிலம்' என்று பெயர் வந்துவிட்டது.

அங்கே எப்படிப் போனேன்

நான் பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஃபைபர் போட்டில் போனேன், ஐஸ் கம்பெனியில் பாளம் தள்ளினேன், லாரியில் இறால் ஏற்றினேன். எந்த வேலையிலும் கால் நிலைக்காது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கோட்டைக்குப்பத்திலிருந்து சேகரையும் கூட்டிக்கொண்டு அனுப்பம்பட்டில் ரயில் ஏறியவன், டெல்லியில் விளையாட்டு வலைகள் விற்கும் ஒரு கிடங்கில் போய் நின்றேன். பனிச்சறுக்குப் பாதையின் ஓரத்தில், விழுகிறவர்களைத் தாங்க ஆரஞ்சு நிற வலை கட்டுவார்கள். அது கிழிந்தால் பின்ன ஆள் வேண்டும் என்று ஒரு காண்டிராக்டர் சொன்னான்.

"கண்ணி போடத் தெரியுமா?" என்று கேட்டான்.

சேகர் சிரித்துவிட்டான். "எங்க ஊட்டாண்ட வந்து யாரையாவது இப்டி கேட்டுப் பாரு சார்."

இப்படித்தான் இமயமலைச் சரிவில் வலை பின்னும் வேலை கிடைத்தது. என் பெயர் ஏழுமலை. ஊரில் அதுவரை மணல்மேட்டைத் தவிர வேறு உயரத்தில் ஏறியதில்லை. வலை வேலை இல்லாத நேரத்தில் எங்களைப் பனி அடிக்கும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். குளிர் கடுமைதான். விரல் நுனி செத்துப்போகும், பிறகு உயிர் வரும்போது வலிக்கும். வெந்நீரில் கையை வைக்காதே, அக்குளில் வை என்று நேகி சொல்லிக்கொடுத்தார். மற்றதெல்லாம் பழகிவிட்டது.

ஈரத் துணி

பம்ப் ஷெட் சுவரில் இரண்டு தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்று வெறுமனே இருக்கும். இன்னொன்றின் நுனியில் ஈரத் துணி சுற்றியிருக்கும். பனி அடிக்கலாமா கூடாதா என்று சொல்வது ஈரத் துணிதான். அதை வெட் பல்ப் என்பார்கள்.

எனக்கு முதலில் புரியவில்லை. நேகி ஒரு நாள் கேட்டார்: "ஊர்ல மீன் காயப் போடுவீங்களே, வெயில் இருந்தா போதுமா?"

"போதாது. காத்து காஞ்சி இருக்கணும். இல்லனா கருவாடு நாறிடும்."

"இதுவும் அதான். குளுரு இருந்தாலும் காத்து ஈரமா இருந்தா பனி வராது."

அதன் பிறகு காலையில் கதவைத் திறந்ததும் மூக்காலேயே கொஞ்சம் சொல்ல முடிந்தது. அடித்த பனி சரியா என்று பார்க்க, கையை நீட்டி சட்டைக் கையில் விழவிடுவோம். துள்ளி உதிர்ந்தால் நல்லது. ஒட்டிக்கொண்டு நனைந்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

அந்த வருடம் சீசன் ஆரம்பத்தில் வானம் ஒன்றும் தரவில்லை. தரையும் உறையவில்லை. மேல் சரிவில் மட்டும் கன்களை ஓட்டித் திமிங்கிலங்களை வரிசையாகப் படுக்க வைத்தோம். அதிகாலையில் அவற்றின் முதுகு நீலமாக இருக்கும். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து அடிப்பாகத்தை மறைத்துவிடும். அப்போது அவை மெதுவாக நகர்வதுபோலத் தோன்றும். நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். மார்கழிக் காலையில் ஏரிமேல் படகுகள் கால் இல்லாமல் நிற்பதுபோலத் தெரியுமே, அந்த மாதிரி. எங்கே இருக்கிறேன் என்பதே சில நேரம் மறந்துவிடும்.

கம்லா அக்காவின் சரிவு

பம்ப் ஷெட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சரிவு இருந்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. அதன் அடியில் கம்லா அக்கா சறுக்குக் கட்டையும் பூட்சும் வாடகைக்கு விட்டு, டீயும் போட்டாள். எங்களைவிட வயதில் மூத்தவள். எல்லோரும் தீதி என்பார்கள், நாங்கள் அக்கா என்போம். அவளைப் போல உள்ளூர்க்காரர்கள் இன்னும் சிலர் அந்தச் சரிவை நம்பித்தான் குளிர்காலத்தை ஓட்டினார்கள்.

கன்களுக்காகப் பம்ப் உறிஞ்சும் குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு மேகம் வந்து மலையிலேயே உட்கார்ந்தது. ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் ஏறியது. கன்கள் நின்றன. சரிவுகளை நடத்துகிற ஹோட்டலின் மேனேஜர் கீழ்ச் சரிவைப் பார்க்க வந்தார். புல்லும் சேறும்தான் இருந்தது.

"நேகி, தொறப்பு அன்னிக்கு காலைல வருவேன். மேலேர்ந்து அடி வரைக்கும் வெள்ளையா இருந்தா தொறக்கலாம். மண்ணு தெரிஞ்சா இந்த சீசனுக்கு இத்த மூடிட்டு, புதுசா பழகறவங்கள அந்தப் பக்கம் அனுப்பிடுவேன். சேத்துல யாராவது கால ஒடச்சிக்கினா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அந்தப் பக்கம் ஹோட்டலுக்கே சொந்தக் கடை இருந்தது.

அவர் போனதும் கம்லா அக்கா கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கினாள். "அங்க எனக்கு கட போட எடமில்ல. இந்த வருசம் போச்சுனா அடுத்த வருசம் இதையும் குடுக்க மாட்டாங்க" என்றாள். அழவில்லை. டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

"மேல இருக்கற பனிய மிஷின் வச்சி தள்ளி உட முடியாதா?" என்று கேட்டேன்.

"அது மேல் சரிவுக்கே பத்தாது" என்றார் நேகி. "இங்க தரை வேற கொழகொழனு கீது. மிஷின் எறங்கினா இருக்கற புல்லையும் உழுதுடும்."

சேகர் கிளாஸை வைத்துவிட்டு பம்ப் ஷெட் பக்கம் பார்த்தான்.

"மாமா, நம்ம திமிங்கிலம் இன்னா ஆச்சு?"

இழுப்பு

நாங்கள் போய்ப் பார்த்தோம். ஷெட்டின் நிழலும் தேவதாரு மரங்களின் நிழலும் சேர்ந்து விழும் பள்ளம் அது. வெயில் எட்டவில்லை. மேலே தூசி படிந்து பழைய ஐஸ் பெட்டிபோல இருந்தது. மண்வெட்டியால் கொத்தினால் உள்ளே சர்க்கரை மாதிரி, தண்ணீர் வடிந்து இறுகி, வெள்ளையாக இருந்தது. இடம் மாறிப் பெய்த பனி. யாரும் பரப்பாததால் அப்படியே கிடந்தது.

கூடையில் சுமந்தால் பொழுது போய்விடும். என்னிடம் பின்ன முடியாத அளவுக்குக் கிழிந்த ஆரஞ்சு வலை ஒன்று கிடந்தது. அதன்மேல் தார்பாய் விரித்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டினேன். எங்கள் கரையில் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு கூட்டமாகக் கரையில் நின்று இழுப்போம். கரைவலை. அது எப்படி என்று நேகிக்குக் கையால் காட்டினேன். திறப்புக்கு முந்தின நாள் காலை குழுவும் உள்ளூர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். பள்ளத்துக்கு வெளியே, சரிவின் உச்சியில் பாயைப் போட்டு, அது நிறையப் பனியை வாரிக் கொட்டி, நாங்கள் கீழே இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தோம்.

கடலில் வலை நம்மோடு மல்லுக்கட்டும். இங்கே வலை எங்களைத் தேடி ஓடி வந்தது. முதல் இழுப்பிலேயே சேகரைத் தூக்கித் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டு, சேற்றில் போய்த்தான் நின்றது.

கம்லா அக்கா சிரித்தாள். "மீனே வந்து வலைய இழுத்துக்கினு போவுதே."

"அக்கா, நான் உயிரோட கீறனானு மொதல்ல கேளு" என்றான் சேகர்.

நேகி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கீழ நின்னு இழுக்காத. மேல நின்னு புடி. அது தானா போவும்."

பிறகு அப்படியே செய்தோம். மேலே நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். சேகர் "வுடு, வுடு, புடி" என்று குரல் கொடுத்தான். சீக்கிரமே மலைக்காரர்களும் "வுடு, புடி" என்றே கத்த ஆரம்பித்தார்கள். பாய் நின்ற இடத்தில் பெண்கள் பனியைத் தள்ளிப் பரப்பினார்கள். கட்டை மாட்டியவர்கள் பக்கவாட்டில் நடந்து நடந்து அதை இறுக்கினார்கள். மேகம் எங்களைச் சுற்றியே இருந்தது. மேலே நின்றால் கயிறு மட்டும் வெள்ளைக்குள் இறங்கிப் போவது தெரியும். மறுமுனையில் எடை இருக்கிறது, ஆள் குரல் இருக்கிறது, ஆனால் ஒன்றும் தெரியாது. கரையில் நின்று கடலைப் பிடித்திருப்பது போலவே இருந்தது. பசியும் கால் வலியும் அப்போது எங்கோ தள்ளி நின்றன.

மாலைக்குள் திமிங்கிலம் தீர்ந்துவிட்டது. மேலிருந்து ஒரு புடவையை விரித்தாற்போல வெள்ளைப் பாதை. ஆனால் அடியில், கம்லா அக்காவின் கடைக்கு முன்னால் கொஞ்ச தூரம், மண் அப்படியே இருந்தது.

நேகி மேனேஜருக்கு போன் போட்டார். குளத்தின் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஒரு கன்னுக்கு மட்டும் கேட்டார். மேனேஜர் மறுக்கவில்லை. "பனி அடிக்கற மாதிரி காத்து வந்தா அடிச்சிக்கோ" என்றார்.

விடியும் நேரத்தில் கதவைத் திறந்தேன். மூக்கில் ஈரம் இல்லை. மேகம் கலைந்து, மேலிருந்து காய்ந்த காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத் துணி எங்களுக்கு வேண்டிய கோடுவரை இறங்கி நின்றது. நேகி கன்னைக் காட்டி, "யாரு வைக்கறது?" என்றார்.

நான்தான் வைத்தேன். காற்றுக்கு முதுகு. வெண்புகை கடை முன்னால் போய் இறங்கியது. கையை நீட்டினேன். சட்டையில் விழுந்தது துள்ளி உதிர்ந்தது. பம்ப் காற்றை உறிஞ்சி இருமும்வரை அடித்தோம். குளம் காலி. வடியவிட நேரமில்லை, உடனே எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கி அதைப் பரப்பினோம்.

பங்கு

மேனேஜர் வந்து மேலிருந்து அடிவரை பார்த்தார். "பாக்க வெள்ளையா கீது. ஆள் எறங்கினா மண்ணு வருமா வராதானு பாக்கணும்" என்றார்.

கம்லா அக்கா கடையிலிருந்து ஒரு ஜோடிக் கட்டையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டாள். வளைந்து வளைந்து, வளைவில் வேண்டுமென்றே கட்டையை அழுத்தி இறங்கினாள். கடை முன்னால் வந்து நின்று திரும்பிப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அவள் வந்த தடம் முழுக்க வெள்ளை. மண் வரவில்லை.

"தொறந்துடுங்க" என்றார் மேனேஜர்.

எங்கள் கரையில் கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. சேகர் அதை விடவில்லை. "அக்கா, வலை இழுத்தோம். பங்கு எங்க?"

"பனில இன்னாத்த பங்கு தர்றது?" என்றவள் சற்று யோசித்து, தார்பாயைக் காட்டினாள். "கூட்டம் வர்றதுக்குள்ள ஆளுக்கு ஒரு தரம் சறுக்கிக்கோங்க."

வெளியூர் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஊரில் பழகிய கை, போன இடத்தில் முதலில் தப்பாகத்தான் போகும். சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரன் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பழகிய கையை அதற்காக வெட்டிப் போட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு நாள் வேலை வரும்.

என் முறை கடைசியில் வந்தது. பாயில் உட்கார்ந்தேன். மேலே கயிற்றைப் பிடித்திருந்த சேகர், "வுடவா மாமா?" என்றான்.

"வுடு" என்றேன்.

சத்தமே இல்லை. கீழே கம்லா அக்காவின் கெட்டிலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நான் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன்.