கூடுதலாக வந்த பணம்

அப்பாவின் வலது கை ரோலரில் அகப்பட்ட அன்று நான் பதுளையில் வகுப்பில் இருந்தேன். தோட்டத்து லொறி டிரைவர் பாடசாலை வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஒன்னும் பயப்படாத புள்ள, அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம்" என்றார். அவருடைய சட்டையின் முன்பக்கமெல்லாம் இரத்தம்.

நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தோட்டம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்தார். அம்மா மலையில் கொழுந்து பறித்தாள். நான் ஒரே பிள்ளை. எனக்குப் பிறகு அம்மாவுக்கு எதுவும் தங்கவில்லை. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

பெருவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் டொக்டரால் காப்பாற்ற முடிந்தது. அப்பா தையல் பிரிந்து வீட்டுக்கு வந்தபோது தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். வேலையில் அடிபட்டவருக்குக் குணமாகும்வரை பாதிச் சம்பளம் போல ஒரு நட்டஈடு உண்டு, மாதத்துக்கு இரண்டு தடவை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா கேட்கவுமில்லை, எதிர்பார்க்கவுமில்லை. கூப்பிட்டுக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மாதங்கள்தான் எங்கள் வீட்டின் நல்ல மாதங்கள். அப்பா முதல் தடவையாகப் பகலில் வீட்டிலிருந்தார். இடது கையால் அடுப்பு மூட்டவும் ரொட்டி தட்டவும் பழகினார். அவர் தட்டிய ரொட்டி எந்த வடிவத்திலும் இருக்காது. அம்மாவும் நானும் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார். மத்தியானத்தில் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு மலைக்கே போய் அம்மாவுக்குக் கொடுப்பார். மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். மாலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அடிபட்ட கையைச் சாரத்து மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு சந்தியில் நிற்பார். எனக்கு ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து வாங்கித் தந்தார். அம்மாவுக்கு முட்டையும் பால்மாவும் வாங்கினார். அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள்.

பிறகு ஒருநாள் தோட்டத்து அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் கூப்பிட்டனுப்பினார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது என்பதால் அம்மாவும் நானும் கூடப் போனோம்.

"உங்களால லேசான வேல செய்யலாம்னு டொக்டர் எப்பவோ எழுதிட்டாரு" என்றார் கிளாக்கர். "அது எங்க கைக்கு இப்பத்தான் வந்துச்சு. அதுக்கப்பறம் நாங்க குடுத்ததெல்லாம் கூடுதலாக் குடுத்தது. திருப்பி எடுக்கச் சொல்றாங்க."

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஐயா, நான் கேட்டு வாங்கலீங்களே. நீங்கதானே கூப்புட்டுக் குடுத்தீங்க."

"தெரியும். என்னா செய்றது, மேல இருந்து கேக்குறாங்க."

"அப்ப அந்த லேசான வேலயக் குடுங்க. செஞ்சு கழிச்சிடுறேன்."

"இப்ப அப்புடி ஒரு வேல இல்லயே."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார். பேசும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் வாயைத் திறந்தாள். "என் சம்பளத்துல புடிங்க ஐயா. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாப் புடிங்க."

அப்பா சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். அவர் எதுவும் சொல்வதற்குள் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அன்று திரும்பி நடக்கும்போது அப்பா என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் வந்ததும் என்னிடம் கேட்டார்: "போட்ட சப்பாத்தக் கடைக்காரரு திருப்பி எடுப்பாராம்மா?"

எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருந்தும் நான் அவற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். அதைப் பார்த்து அப்பா நடுப்பாதையில் நின்று அழுதார். ரோலரில் கை போனபோது அழாதவர்.

அதன் பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போனாள். அன்றைக்குப் பறிக்கும் கொழுந்துக்குக் கைக்காசு தனியாகக் கிடைக்கும். பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னால் சரிவில் ஏறவிட மாட்டார்கள், சமதரையில் போடுவார்கள், அங்கே கொழுந்து குறைவு. ஆகவே சொல்லவில்லை. சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு வயிற்றை மறைத்தாள். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடினார். "இன்னும் கொஞ்சம்தானே, முடிஞ்சிரும்" என்பாள்.

அப்பா சோறு கேட்பதை நிறுத்தினார். கேட்டால், கீழ் லயத்தில் சாப்பிட்டேன் என்பார். கீழ் லயத்தில் யாரும் அவருக்குச் சாப்பாடு போடவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தினமும் காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய், வேலை பிரிக்கும் இடத்தில் கடைசி ஆளாக நிற்பார். எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கங்காணி இவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். திரும்பி வருவார்.

ஐப்பசி மழையில் அம்மா சரிவில் வழுக்கி விழுந்தாள். கூடையோடு அடுத்த வரிசைவரை உருண்டதாகச் சொன்னார்கள். அதே லொறியில், அதே டிரைவர், அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாதம் நிறையவில்லை. பையன். பிறக்கும்போதே உயிர் இல்லை.

வார்டுக்கு வெளியே அப்பாவும் நானும் நின்றிருந்தோம். வெள்ளைத் துணியில் சுற்றித் தாதி கொண்டுவந்தாள். வாங்குவதற்கு அப்பா இரண்டு கையையும் நீட்டினார். அவள் வைத்ததும் வலது பக்கம் நழுவியது. பிடிக்க அந்த இரண்டு விரலும் போதவில்லை. நான் பாய்ந்து தாங்கினேன். "கை இருக்குன்னு நெனச்சு நீட்டிட்டேன்" என்று தாதியிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். பிறகு முழங்கையை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நெடுநேரம் திரும்பவே இல்லை.

அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்தான், நடந்ததைக் கேட்டுவிட்டு, பதுளையில் தொழில் அலுவலகம் ஒன்று இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்றாள். அம்மா நடக்கத் தொடங்கியதும் மூன்று பேரும் போனோம். அங்கிருந்த அதிகாரி யாழ்ப்பாணத்து மனிதர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அவை பிழையாத் தந்தது அவையின்ர பிழை" என்றார். "அதுக்கு உங்கட மனிசியின்ர சம்பளத்தில கை வைக்கேலாது. விரல் போனதுக்கு உங்களுக்கு ஒரு தொகை வர இருக்கு. கழிக்கிறதெண்டால் அதிலதான் பாக்கவேணும். நான் எழுதுறன், வெட்டினதைத் திருப்பித் தருவினம்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அதிகாரி அம்மாவைப் பார்த்து, குறை சொல்லும் குரலில் அல்ல, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "இதுக்கு முதலே ஏனம்மா நீங்கள் வரேல்ல?"

"தெரியாதுங்க ஐயா" என்றாள் அம்மா.

அந்த அலுவலகத்திலிருந்து இறங்கிவந்த அப்பா, பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கடையின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து பஸ் போய்விடும் என்று நான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. "இம்புட்டுத்தானா" என்றார். "வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா போதுமா?" அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய அடிபட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கடைக்காரர் எங்களை எழுப்பவில்லை.

அதிகாரி சொன்னபடியே நடந்தது. பிடித்த பணத்தைப் பெரிய கிளாக்கரே லயத்துக்குக் கொண்டுவந்தார். பிள்ளை போன செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. "புள்ளத்தாச்சின்னு முன்னாலயே சொல்லியிருந்தா நான் மலைக்கு விட்டிருக்க மாட்டேன், தங்கச்சி" என்றார். அம்மா எழுந்திருக்கவுமில்லை, ஏசவுமில்லை. அப்பா பணத்தை வாங்கினார். அதில் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கினோம். வேறு என்ன செய்வது, வீட்டில் இரண்டும் தீர்ந்திருந்தன.

விரல்களுக்கான தொகை பிறகு வந்தது. கூடுதலாகக் கொடுத்ததை அதில் கழித்துக்கொண்டார்கள். மிச்சத்தில் நான் படித்தேன், ஆசிரியை ஆனேன். அப்பாவுக்குத் தேயிலை நாற்றுமேடையில் காவல் வேலை கிடைத்தது. ஒழுங்காகத்தான் வேலைக்குப் போனார், வந்தார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். அந்தப் பழக்கம் போகவே இல்லை. செத்துப் பிறந்த என் தம்பியின் சாப்பாட்டைத் தான் தின்றுவிட்டதாக அவர் நினைத்தார் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. உங்கள் தவறு இல்லை என்று பல தடவை சொன்னேன். பிள்ளைக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டுவார்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் அவருக்கு நுரையீரல் கெட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, ஒரு பிற்பகல், கண்ணை மூடியபடியே கேட்டார்: "பய இருந்திருந்தா இப்ப என்னா படிப்பான்?"

அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. அம்மா ஒரு தடவைகூட வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றுகூட நான் நினைத்திருந்தேன்.

"எட்டாம் வகுப்பு" என்றாள் அம்மா, யோசிக்காமல், உடனே. "தை பொறந்து பள்ளிக்கூடம் தொறந்தா ஒம்பது."

அப்பா சரி என்பதுபோல முனகினார். அம்மா குனிந்து அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள். நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன்.