சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டை

அம்மா தம்பி வீட்டில் இருந்தாள். அவன் தறிக்குத்தான் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். அடுத்த தெருவில் இருந்த என் தறிக்கு என் மனைவி சுற்றுவாள். கேட்டால், "அவன் சின்னவன்டா" என்பாள் அம்மா. சின்னவனுக்கு நாற்பத்தாறு வயது.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா எனக்கு அம்மா. போன வருடம் நெஞ்சு படபடக்கிறது என்று என்னிடம்தான் சொன்னாள். ஆரணியிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "சின்னவனாண்ட சொல்லாத, பயந்துடுவான்" என்றாள். மாத்திரையைத் தார்ப்பெட்டியில் நூலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மாதாமாதம் நான் வாங்கி வருவேன். நான்காம் வகுப்போடு நின்றவன், இங்கிலீஷ் பெயர் படிக்க வராது. காலி அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்து கடையில் காட்டுவேன்.

அன்று தறிக்குழி விளிம்பில் கால் இடறி விழுந்ததில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டதும் அசந்து தூங்கிவிட்டாள். காலையில் ஆபரேஷன். இந்த வயதில் ரத்தம் நிறையப் போகும் என்ற டாக்டர், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க சார். பிரஷருக்கு மட்டுந்தான். எங்கூடவே இருக்காங்க, எனக்குத் தெரியாதா?" என்றான் தம்பி.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் அன்று என் வாயை அடைத்தது கூச்சம் மட்டும் இல்லை. சொன்னால், எனக்கென்று இருந்த அந்த ஒன்றும் அவனுக்குப் போய்விடும். டாக்டர் வராந்தாவின் கடைசிக்குப் போய்விட்டார். ரத்தம் நிறையப் போகும் என்றது காதிலேயே நின்றது. ஓடிப்போய் அட்டையை நீட்டினேன்.

"ஏங்க, இதை அப்பவே சொல்ல மாட்டீங்களா?" என்று கடிந்துகொண்டார்.

ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். மாத்திரையின் வேகம் குறைந்த பிறகே செய்தார்கள். ரத்தப்போக்கு குறைய ஊசியும் போட்டார்களாம். எடுத்து வைத்த ரத்தம் தேவைப்படவில்லை என்று நர்ஸ் வந்து சொன்னார்.

தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "உன்னாண்ட மட்டும் சொல்லிச்சாண்ணா?"

"ம்."

"எத்தினி நாளா?"

"ஒரு வருசமா."

அவன் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருடம் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், மாத்திரையை மறுபடி எப்படிக் கொடுப்பது என்று எழுதிய சீட்டுடன் நர்ஸ் வந்தார். "கூட இருந்து பார்த்துக்கறது யாரு?"

"நான்தான்" என்றான் தம்பி.

அவனிடம் நீட்டிய சீட்டை நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.