பிரித்தால் மதிப்புப் போய்விடும்

கண்ணாடிக் கடையில் அவனுக்கு 'சீல்' என்று பெயர். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பது அவன் வேலை. தான் வாங்கும் பொம்மைகளைப் பற்றிப் பேசினால் அடிக்கொருதரம் "சீல் பிரிக்காதது" என்பான். அதில் பாதியை எடுத்து அவனுக்கே வைத்துவிட்டார்கள்.

பொம்மைகள் எல்லாம் அவன் பள்ளி நாட்களில் டிவியில் வந்த ஓர் இயந்திர மனிதர் கார்ட்டூன் தொடரில் வருபவை. அந்தத் தொடரை முதலில் கேசட்டில் வைத்திருந்தான், பிறகு சிடியில், பிறகு கம்ப்யூட்டரில். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். ஒரு சண்டைக் காட்சியில் சிவப்பு இயந்திரத்தின் இடது தோள் ஒரு கணம் ஆரஞ்சாக மாறுவதை அவன்தான் கண்டுபிடித்தான். தொடரின் ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் அதற்காக அவனுக்கு மரியாதை உண்டு. வேறெங்கும் கிடையாது.

வசதியுள்ளவர்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குவார்கள். ஒன்று வைக்க, ஒன்று பிரிக்க. அவனுக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும். வைத்தான். அறையின் மூன்று சுவரும் பெட்டிகள். உள்ளே இருந்த ஒரு பொம்மையைக்கூட அவன் கையால் தொட்டதில்லை.

கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அப்படித்தான். வழியில் கிடைக்கும் மருந்துக் குப்பிகளையும் நல்ல வாள்களையும் பின்னால் தேவைப்படும் என்று சேர்த்துக்கொண்டே போவான். துருப்பிடித்த கத்தியோடு பூதங்களின் முன்னால் நிற்பான். அவனுடைய வீரன் சாகும்போது பை நிறைய மருந்து இருக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணன் அண்ணியோடு இருந்தான். அண்ணன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவன். அண்ணி நர்ஸ். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருந்தது, இரண்டு பஸ் மாற வேண்டும். மூட்டுவலி வந்ததிலிருந்து அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: வீட்டைப் பாகம் பிரித்து, தங்கள் பாகத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் குடிபோய்விடலாம். அங்கே ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் அவனுக்குப் பார்சல் வந்தது. அண்ணி வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுச் சத்தம் கொடுத்தாள். அவன் அறைக்குள்ளிருந்தே "வரேன் அண்ணி" என்றுவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாட்டில் இறங்கினான். சற்று நேரம் கழித்து அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். எப்படிக் கேட்பது என்று வெளியே நின்று யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"டேய், பிரிச்சிடலாம்னு பாக்குறோம். உனக்கு ஒண்ணும் இல்லையே?"

அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினான். மேஜைமேல் இருந்த பார்சல்தான் அவன் நினைவுக்கு வந்தது.

"ஐயோ, வேண்டாண்ணா. பிரிச்சா மதிப்பே போயிடும். எது எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கட்டும். நான் இருக்கிற வரைக்கும் பிரிக்க விடமாட்டேன்."

அவன் கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. அண்ணன் அவன் தோளில் தட்டிக்கொடுத்தான். பிறகு சமையலறைக்குப் போனான்.

"அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு. இனிமே இந்தப் பேச்ச எடுக்காத."

"எம் முட்டி கலங்கிப் போனத யாராவது பாத்தீங்களா?" என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அண்ணன் அச்சகத்தில் சொன்னான், சொந்தக்காரர்களிடம் சொன்னான். பொம்மையோடு கிடக்கிறவன் என்று தம்பியை ஏளனம் செய்தவர்களிடம் தேடிப்போய்ச் சொன்னான். அது சுற்றிக்கொண்டு சீலின் காதுக்கும் வந்தபோது நடந்தது என்ன என்று அவனுக்கு விளங்கிவிட்டது. திருத்தவில்லை. அறை தப்பியது, கூடவே நல்ல பெயர் வேறு.

வருடங்கள் போயின. அண்ணி பஸ் படியில் பக்கவாட்டில் ஏறப் பழகிக்கொண்டாள். பின்தெரு வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். அவன் ஒரு வீடியோ சேனல் தொடங்கி, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கேமரா முன்னால் திருப்பிக் காட்டிப் பேசினான். யாரும் அதிகம் பார்க்கவில்லை. ஏதாவது கதை சொல்லுங்கள் என்று ஒருவர் கீழே எழுதினார். சொன்னான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அந்த வீடியோவை அண்ணிக்குக் காட்டினாள். "இது உங்க கொழுந்தனார்தானே, அக்கா?" அன்று அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணி போனை அவன் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்தாள்.

திரையில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். "எங்க அண்ணன் கேட்டது வீட்ட. நான் சொன்னது இந்தப் பெட்டிய. மனுசன் அப்பிடியே உருகிட்டாரு. எங்க குடும்பத்த ஒண்ணா வச்சிருக்கிறது இந்த அட்டைப்பெட்டிதாங்க."

அண்ணன் இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தான். கை கழுவாமல் எழுந்து தம்பியின் அறைக்குப் போனான்.

"அன்னிக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சே, அது?"

"ஆட்டத்துல செத்துட்டேண்ணா. கடைசிக் கட்டம்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"நீ சந்தோசமா இருந்தே. அத ஏன் கெடுக்கணும்னுதான்."

அண்ணி பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "எங்க சந்தோசத்தையும் சீல் உடைக்காம வச்சிருந்தீங்களா, தம்பி?"

அவன் வீடியோவை நீக்கிவிடுவதாகச் சொன்னான். அண்ணி ரிட்டையர் ஆகச் சில மாதங்களே இருந்தன, குடிபோக இனி அவசியமில்லை. ஆனாலும் நடுவில் சுவர் எழுப்பியே தீருவது என்றான் அண்ணன்.

பஞ்சாயத்துக்குத் தாய்மாமாவைக் கூப்பிட்டார்கள். முன்பக்கத்து அறைகளில் நல்ல வெளிச்சம், பின்பக்கம் பகலிலும் விளக்குப் போட வேண்டும். இளையவன் முதலில் கேட்கட்டும் என்றார் மாமா. அவன் யோசிக்காமல் பின்பக்கத்தைக் கேட்டான்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாத்தியா? நல்ல பாகத்த உனக்கு விட்டுட்டான். இந்தக் காலத்துல எந்தத் தம்பி விடுவான்?"

"வெயில் பட்டா அட்டை வெளுத்துடும், மாமா" என்றான் அண்ணன்.

மாமாவுக்குப் புரியவில்லை. அண்ணன் விளக்கவில்லை. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.