நாலாவது ஆள்

கடற்கரை வீதியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சேற்றில் இறக்கியே தீருவது என்று பெரியப்பா ஒரு வருஷம் முடிவெடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாத அந்த மனிதர், வெள்ளவத்தையில் ஓர் ஓட்டக் கழகம் தொடங்கியிருந்தார். வெளிச்சம் வருகிற நேரத்தில் எங்கள் வீடு இருந்த சிறிய ஒழுங்கை, கடற்கரை வீதியைத் தொடுகிற முனையில் எல்லோரும் கூடுவார்கள். ஒரு பக்கம் மாடி வீடுகள், மறுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். தார் வீதியில் போய்த் திரும்பி வந்து, பெரியப்பாவின் பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ குடித்து, யாருக்கு எவ்வளவு எடை குறைந்தது என்று விசாரித்துவிட்டுக் கலைவார்கள். ஓடிய நேரத்தைவிடக் கதைத்த நேரம்தான் அதிகம் என்று அம்மா சொல்வார்.

அந்தக் கழகத்துக்குத்தான் ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு அழைப்பு வந்தது. அவிசாவளைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டம். மேடு, பள்ளம், வயல் வரம்பு, ஓர் ஓடை, மீதியெல்லாம் சேறு. பெரியப்பா படிக்கிற காலத்தில் அப்படிப்பட்ட ஓட்டங்களில் ஓடியவராம். போன கிழமைவரை தார் வீதியின் அருமையைப் புகழ்ந்துகொண்டிருந்தவர், இந்தக் கிழமை தார் வீதியில் ஓடுவது ஓட்டமே இல்லை என்று பேசத் தொடங்கினார். காலுக்குக் கீழே என்ன வருகிறது என்று தெரியாமல் ஓடுவதுதான் ஓட்டமாம்.

கழகம் அசையவில்லை. இரசாயனம் படிப்பிக்கிற டியூஷன் மாஸ்டர், சேறு பட்டால் சப்பாத்து என்னாவது என்று கேட்டார். நகைக்கடைக்காரரின் மனைவி அங்கே கழிவறை வசதி எப்படி என்று கேட்டார். அட்டை கடிக்கும் என்று யாரோ சொல்ல, போக நினைத்தவர்களும் பின்வாங்கினார்கள். பெரியப்பாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. சவர்க்காரமும் தேசிக்காய்ப் புளியும், அதாவது எலுமிச்சஞ்சாறும், பூசினால் அட்டை கிட்டவும் வராது என்று தன் காலில் பூசியே காட்டினார். அப்படியிருந்தும் ஆண்கள் எல்லோருக்கும் அந்தக் கிழமையே முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது.

பெண்களில் மூன்று பேர் சம்மதித்தார்கள். ஒருவர் வங்கியில் வேலை பார்த்த இளம் அக்கா. அடுத்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற டீச்சர். கோவிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறேன் என்று சொன்னார். மூன்றாமவர் மாளிகாவத்தையிலிருந்து கணவரின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிற ராத்தா. முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குச் சொந்தத் தங்கைமார் ஐந்தாறு பேர் இருந்ததாலோ என்னவோ, கழகத்தில் பெரியவர்களும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் குழுவுக்கு நான்கு பேர் வேண்டும். நான்கு பேரும் எத்தனையாவதாக வந்தார்கள் என்று பார்த்து அந்த இடங்களைக் கூட்டுவார்கள். தொகை குறைந்த குழுவுக்குக் கிண்ணம். நாலாவது ஆள் வந்து சேராவிட்டால் குழுவே இல்லை. பெரியப்பாவின் கண்ணில் அந்த நாலாவது ஆள் சித்திதான்.

சித்தி அம்மாவின் தங்கை. யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து விட்டவுடன் எங்களிடம் வந்தவர். என் அறையில்தான் படுத்தார். காலி வீதியில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைத்தார். சித்தப்பாவும் அவர்களுடைய மகளும் வன்னியில் செல் குண்டு பட்டு இறந்துபோனார்கள் என்று வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் அவளைக் கண்டதில்லை. ஒரு படம்கூட இருக்கவில்லை. அதனால் அவளுக்காக எனக்கு அழத் தெரியவில்லை.

நித்திரை வராததற்கு டொக்டர் நடக்கச் சொல்ல, பெரியப்பா சித்தியையும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சித்தி நடக்கவில்லை, ஓடினார். பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கையில் கடிகாரம்கூட இல்லாமல், யாரோ பின்னால் வருவதுபோல் ஓடினார். கழகத்தில் ஆண்களுக்கும் அவரை எட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் எப்போதும் வீடுகளின் பக்கமாகத்தான் ஓடுவார், கடலின் பக்கம் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ரயில் பாதையைக் கடந்து கற்களில் இறங்கிக் கால் நனைக்கும்போது, அவர் இந்தப் பக்கம் நின்று எங்கள் சப்பாத்துகளைக் காவல் காப்பார். காலி வீதியைக் கடக்கையில் என் மணிக்கட்டை அவர் பிடிக்கிற பிடியில் தோல் சிவந்துவிடும். பள்ளிக்கூடச் சிநேகிதிகள் யாரும் கண்டுவிடக் கூடாதே என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன்.

சித்தி மாட்டேன் என்றார். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்கிறவர்களை மடக்கப் பழகியிருந்த பெரியப்பா, காரணமே சொல்லாத ஒருவரிடம் திண்டாடிப் போனார். மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சித்தியின் காலையும் மூச்சையும் புகழ்ந்தார். நானும் என் பங்குக்கு, சேறுதானே சித்தி, கழுவினால் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கிண்ணத்தை ஒருநாளாவது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது என் திட்டம்.

பெயர் கொடுக்கிற கடைசி நாளன்று பெரியப்பா புகழ்வதை விட்டுவிட்டார். தேநீர் குடித்த கோப்பைகளை எடுத்து மேசையில் நான்காக வைத்தார். மூன்றை மெதுவாக மறுபக்கத்துக்கு நகர்த்தினார். ஒன்று மட்டும் இந்தப் பக்கமே நின்றது.

"இந்த ஓட்டத்தில ஒராளை விட்டிட்டு வந்தால் மற்ற ஆக்கள் வந்தது கணக்கில்லை, பிள்ளை. நாலு பேரும் வந்து சேரவேணும். அதுதான் சட்டம்."

சித்தி கையிலிருந்த தையலை மடியில் வைத்தார்.

"விட்டிட்டு வந்தால் கணக்கில்லையோ, அத்தான்?"

"இல்லை" என்றார் பெரியப்பா.

சித்தி அந்தத் தனிக் கோப்பையைத் தானே எடுத்து மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, வருகிறேன் என்றார். பெரியப்பா தன் பேச்சுத் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஓட்டத்தன்று எல்லோரும் ஒரு வாடகை வானில் ஏறிப் போனோம். முதல்நாள் இரவு நல்ல மழை. இறப்பர் மரங்களுக்குக் கீழே பெரியப்பா ஒவ்வொருவருக்கும் சவர்க்காரமும் தேசிக்காய்ப் பாதியும் கொடுத்தார். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார், ராத்தா தலைத்துணியை இறுக்கி ஊசி குத்திக்கொண்டார். எனக்கும் ஒரு வேலை இருந்தது. வழியில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் தயங்குவார்களாம். நான் அக்கரையில் நின்று கத்தி எங்கள் ஆட்களை உற்சாகப்படுத்த வேண்டும். பெரியப்பா ஒரு தடியை விட்டுப் பார்த்து, முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போனார். என் பக்கத்தில் சிவப்புக் கொடியும் விசிலுமாக ஒரு சிங்களப் பெடியன் காவலுக்கு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கிடையில் ஆட்கள் தெரிந்தார்கள். முதலாவதாக ஒரு பெண் வந்து தண்ணீரில் பாய்ந்து போனாள். இரண்டாவதாகச் சித்தி வந்தார். கிண்ணம் எங்களுக்குத்தான் என்று நினைத்துக் குதித்தேன். "வாங்கோ சித்தி, முழங்கால் அளவுதான்" என்று கத்தினேன்.

சித்தி தண்ணீரின் விளிம்பில் நின்றுவிட்டார். ஓடை மழைத் தண்ணீரில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தக் கத்த அவர் என்னைப் பார்க்காமல் அந்தத் தண்ணீரையே பார்த்தார். அவரைத் தாண்டி ஒருத்தி போனாள், பிறகு கும்பலாகச் சிலர் போனார்கள். அந்தக் கும்பலில் ஒரு மெலிந்த பள்ளிக்கூடப் பிள்ளை, வெறுங்காலோடு ஓடி வந்தவள், நடு ஓடையில் வழுக்கி இடுப்புவரை அமிழ்ந்தாள். சித்தி எப்போது இறங்கினார் என்று நான் காணவில்லை. அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறினார். ஏறிய பிறகும் விடவில்லை. கையை விடுங்கள் என்று அவள் சிங்களத்தில் கெஞ்சி, கடைசியில் உதறிக்கொண்டு ஓடினாள்.

சித்தி திரும்பவும் தண்ணீருக்குள் போனார்.

பிறகு வந்த ஒருவரையும் அவர் தனியே கடக்க விடவில்லை. வாங்கோ, கையைத் தாங்கோ என்று தமிழில்தான் சொன்னார், எல்லோருக்கும் விளங்கியது. சிலர் அவரை அங்கே வேலைக்கு நிற்கிறவர் என்று நினைத்து நன்றி சொல்லிப் போனார்கள். வங்கி அக்கா கோபத்தோடு போனார். டீச்சர் போனார். ராத்தா மட்டும் அவர் கையைப் பிடித்தபடி கரையில் நின்று, நீங்களும் வாங்க, ஒண்டாப் போவம் என்று கேட்டுப் பார்த்தார். "இன்னும் ஆக்கள் வருகினம். நீங்கள் போங்கோ" என்றார் சித்தி.

கடைசியில் ஒருவரும் வரவில்லை. மரங்களுக்கிடையில் வெறும் வழிதான் தெரிந்தது. சித்தி தண்ணீரில் நின்றபடி ஆட்கள் வந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடிப் பெடியன் விசிலை வாயிலிருந்து எடுத்து, "ஒக்கொம ஆவா, அக்கே" என்றான். எல்லோரும் வந்துவிட்டார்கள் அக்கா என்று நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"வடிவாப் பாத்தனியோ?" என்று சித்தி என்னிடம் கேட்டார்.

"ஓம் சித்தி. வடிவாப் பாத்தனான். எல்லாரும் வந்திட்டினம்."

அதன் பிறகுதான் கரையேறினார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்தார். ஓடச் சொல்லி நான் இழுத்தேன், அவர் ஓடவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் வந்துவிட்டதால் குழு கணக்கில் சேர்ந்தது. கடைசிக் குழுவாகச் சேர்ந்தது. கிண்ணத்தோடு எல்லோரையும் படம் எடுக்கக் கமெராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற பெரியப்பா, ஏதோ கேட்க வாயெடுத்தார். சித்தியின் உடம்பு நடுங்குவதைக் கண்டதும் கேட்கவில்லை. தன் துவாயை எடுத்து அவருடைய தோளைச் சுற்றிப் போர்த்தினார். தேசிக்காய்ப் புளியெல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால் சித்தியின் கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ராத்தாதான் குனிந்து அதை எடுத்து எறிந்தார்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன வருஷம் அம்மா எனக்குச் சொன்னார். சித்தி அத்தனை காலத்துக்குப் பிறகு அப்போதுதான் அம்மாவிடம் வாய் திறந்திருந்தார். செல் பட்டு இறந்தது சித்தப்பா மட்டும்தான். மகள் சித்தியோடு இருந்தாள். கடைசி நாட்களில் சனத்தோடு சனமாகக் கடலோரக் களப்பைக் கடந்தார்கள். தண்ணீர் சித்தியின் நெஞ்சுக்கு வந்தது. ஒரு கையில் உடுப்புப் பை, மற்றக் கையில் மகள். பின்னால் இருந்து சனம் தள்ளியது. பை கையில் இருந்தது. கரையேறிய பிறகு திரும்பிப் போக ஒருவரும் விடவில்லை. செல் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்பதால் சித்தி எல்லோரிடமும் செல் என்றே சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கோப்பைகளை அவர் தொட்டிருக்கமாட்டார். அம்மா சொல்லி முடித்த அன்று நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். என்னைவிட ஒரு வயது மூத்தவளுக்காக முதல்முறை அழுதேன்.

அன்று திரும்பி வந்த வானில் எனக்கு இதொன்றும் தெரியாது. சித்தி யன்னலோரம் இருந்தார். முன் ஆசனத்திலிருந்து வங்கி அக்கா, மூன்றாவதாகவாவது வந்திருப்போம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். டீச்சர் அவருடைய தொடையைத் தட்டி நிறுத்தினார். என் கை இன்னும் சித்தியின் பிடியில்தான் இருந்தது, விரல்கள் மரத்துப் போயிருந்தன. கிண்ணம் போய்விட்டதே என்றுதான் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். எனக்கும் அந்தக் கவலைதான், ஆனாலும் அவரைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது.

"பரவாயில்லை சித்தி" என்றேன். "அடுத்த முறை திரும்பிப் பாக்காமல் ஓடுங்கோ."

சித்தி என் பக்கம் திரும்பினார். "ஓம்" என்றார். மற்றக் கையையும் கொண்டுவந்து என் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.