ஐஸுக்குள் புதைத்த கை

மலையேற்றக் குழு நடத்துபவரே, நீங்கள் சொன்னது பொய். எங்கள் காசிமேட்டு மீன்காரப் பெண்ணுக்குக் குளிர் தாங்காது என்று சொல்லி, இமயமலைப் பயணத்திலிருந்து நீக்கினீர்கள்.

நான் ஐஸ் பேக்டரியில் வேலை செய்கிறவன். அவர் குள்ளம். நெற்றியில் பெரிய பொட்டு, புடவைக்குக் கீழே பனிமலை பூட்ஸ். மீன் விற்று முடித்ததும் வருவார். நொறுக்கிய ஐஸுக்குள் இரண்டு கைகளையும் புதைப்பார். விரல்கள் மரத்துப்போனதும் வெளியே எடுத்து, கதவுக் கம்பியில் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார், மறுபடி போடுவார்.

“இன்னாக்கா, இமயமலைய இங்கயே இட்டாந்துட்டியா?” என்றேன்.

“சிரி நைனா. அங்க கை வெறச்சா உன் மாமனா வந்து முடிச்சு போடுவான்?”

நீங்கள் போனில் சொல்லி நீக்கிய மறுநாளும் வந்தார்.

“அதான் வேணாம்னுட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்குக்கா?”

“கூட வர்ற பொண்ணுங்க என்கூட ஒரே கூடாரத்துல படுக்க மாட்டாங்களாம். மீன் கவுச்சியாம். அதுல ஒருத்தியே சொன்னா. அதுக்கு என் கை இன்னா பண்ணும்?” என்று சொல்லிவிட்டு, கையை ஐஸுக்குள் விட்டார்.

இன்றும் வந்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் இங்கே வாருங்கள். மீன் ஏலம் போடும் இடத்தில், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அவரை நீக்கியது குளிருக்காகவா, கவுச்சிக்காகவா?