வெள்ளையடித்த சுவரைத் தின்றது யார்?

தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சுண்ணாம்பால் வெள்ளையடித்தோம். அடுத்த வாரமே அடைமழை. மழை விட்டதும் பார்த்தால், பக்கத்துக் காம்பரா வீட்டுச் சுவரில் யாரோ நகத்தால் சுரண்டியது போல வளைந்து வளைந்து கோடுகள்.

பழி அந்த வீட்டு மருமகள் மேல் விழுந்தது. அவளுக்கு நிறைமாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மசக்கையில் ஒரு தடவை திருநீற்றை அள்ளி வாயில் போட்டதை மாமியார் பார்த்திருக்கிறார். அது போதாதா?

"வயித்துப் பிள்ளைக்குச் சுண்ணாம்பா ஊட்டுற? காலையில ஆட்டோ வருது. ஒங்க அம்மா வீட்டுச் சொவரப் போய்த் தின்னு!"

"சத்தியமா நான் தொடல மாமி."

அம்மா வீடு ஹல்துமுல்லைப் பக்கம். வழியெல்லாம் குண்டும் குழியும். அந்த வயிற்றோடு எப்படிப் போவாள்? புருஷன்காரனோ அவள் பையை எடுத்து வாசலில் வைத்தான்.

என் லீக்ஸ் பாத்தியில் நத்தைத் தொல்லை வந்தபோது போனில் தேடிப் படித்தது ஞாபகம் வந்தது. மாமியாரிடம் போனேன்.

"அக்கா, இது நத்தை வேலை. ஓடு கட்ட அதுக்குச் சுண்ணாம்பு வேணும். கொளத்து நத்தை, தண்ணியில கரைஞ்சிருக்கிறத ஒடம்பாலயே இழுத்துக்கும். இது தரையில ஊருற சாதி. நம்ம ஊத்துத் தண்ணியிலயும் சுண்ணாம்பு ஏது? தேத்தண்ணிக் கேத்தல்ல வெள்ள படியிதா? அதான் சொவருக்கு வருது."

"போன்ல வந்தா வேதமாடி?" சுண்ணாம்பு தடவிய வெற்றிலையை அதக்கிக்கொண்டுதான் கேட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஆட்டோ வந்து நின்றது. பை ஏறியது, அவளும் ஏறினாள். நான் மாமியாரின் கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் இழுத்துப்போய் டார்ச் அடித்தேன். கை முஷ்டி அளவு நத்தை ஒன்று, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து மேய்ந்துகொண்டிருந்தது. வாய் போன வழியெல்லாம் வெள்ளை காணாமல் போனது. மூச்சை அடக்கினால் அரம் தேய்ப்பது போல மெல்லிய சத்தம்கூடக் கேட்டது.

மாமியார் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஆட்டோவுக்குப் போய்ப் பையில் கை வைத்தார்.

"எறங்கு புள்ள. தேத்தண்ணி ஊத்துறேன்."

அவள் பையை விடவில்லை. "நத்தையப் பாத்து நம்பிட்டீங்க மாமி. நான் அழுது சொன்னப்ப நம்பலயே."

டிரைவர் எஞ்சினை முடுக்கினார்.

"அப்ப தள்ளி ஒக்காரு," என்றார் மாமியார். "ரோட்டுல ஒன்னப் பிடிச்சுக்க ஆள் வேணும். ஒங்க அம்மாகிட்டயும் நானே சொல்லணும்."

வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை அவள். மாமியார் செருப்புக்கூடப் போடாமல் ஏறி உட்கார்ந்தார்.